தனசீலனுக்கு நினைவில்லாத ஞாயிறு

1965 ஜூலை முதல் தேதி, வியாழக்கிழமை காலை, தாராவித் தோல் கிடங்கு ஒன்றின் மேஸ்திரி தனசீலன் மாஹிம் ஸ்டேஷன் பாலத்துப் படிகளில் வழுக்கி விழுந்தார். நல்ல மழை. காலில் புது ரப்பர் செருப்பு. பதினோரு படி உருண்டு, கடைசிப் படியில் பின்மண்டை மோதியது. கையிலிருந்த குடைக்கு ஒரு கம்பிகூட வளையவில்லை.

இரண்டு நாள் கழித்து, பரேலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தார். பக்கத்தில் மனைவி லூசியம்மாள் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"ஏட்டி, கொடியில கெடந்த துணிய எடுத்தியா? மொத மழை, சடசடன்னு வருது."

"மொத மழை வந்து மூணு வாரம் ஆச்சு. என்ன பேசுதிய?"

"நேத்துதானட்டி வந்துது!"

அவருக்கு ஜூன் எட்டாம் தேதி மழை தொடங்கியதுதான் கடைசி நினைவு. அன்றிலிருந்து பாலத்தில் விழுந்தது வரை இருபத்து மூன்று நாள் சுத்தமாகக் காணோம்.

இந்தச் செய்தி கேட்டு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆள் சந்தோஷப்பட்டார். அவர் டாக்டர் சந்திரமௌலி. மாட்டுங்காவாசி, முப்பத்து நான்கு வயது, மூளை நரம்பியலில் ஆராய்ச்சி செய்பவர். தலையில் அடிபட்டவர்களுக்கு, அடிபடுவதற்கு முன்னால் நடந்ததில் எவ்வளவு மறந்துபோகிறது, மறந்தது எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மூன்று வருடத்தில் நாற்பது பேரைப் பார்த்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நீளக் காகிதச் சுருள். அதில் நாளுக்கு ஒரு கட்டம். நோயாளிக்கு ஞாபகம் வந்த நாளுக்கு நீலப் பென்சிலால் வண்ணம் தீட்டுவார். ஞாபகமில்லாத நாள் வெள்ளையாகவே கிடக்கும். பெரும்பாலோருக்கு அரை மணி, ஒரு மணி நேரம்தான் தொலைந்திருந்தது. அதிகபட்சம் நாலு நாள். இருபத்து மூன்று நாளைத் தொலைத்தவர் நாற்பத்தொன்றாவது ஆளாக வந்து சேர்ந்ததும் டாக்டருக்குக் கைகால் ஓடவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு மண்ட ஒடஞ்சி கெடக்கு, இவரு என்ன, லட்டு கெடச்ச பிள்ள மாதிரி சிரிக்காரு?" என்று லூசியம்மாள் மகள் ரோஸியின் காதில் சொன்னாள்.

டாக்டர் இரண்டு பேரையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்: "பயப்படாதீங்கோ. ஞாபகம் திரும்பி வரும். வெள்ளம் வடியறாப்ல. பழைய நாள் மொதல்ல தலை தூக்கும், அப்பறம் புதுசு. ஆனா ஒண்ணு. அந்த நாள்ல என்ன நடந்துதுன்னு நீங்க யாரும் அவர்கிட்ட சொல்லப்படாது. சொல்லிட்டேள்னா, தானா வந்தது எது, நீங்க சொல்லி வந்தது எதுன்னு நேக்குப் பிரிக்கவே முடியாது. என் ஆராய்ச்சியே பாழ்."

லூசியம்மாள் தலையாட்டினாள். ரோஸி இன்னும் பலமாகத் தலையாட்டினாள்.

பத்து நாளில் தனசீலன் தலைக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். மேஸ்திரிக்கு மூன்று வாரம் மறந்துபோன விஷயம் அவருக்கு முன்பாகவே சந்துக்குள் வந்து சேர்ந்திருந்தது.

தனசீலனைப் பற்றி அந்தச் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று, அவர் சொன்ன சொல்லை மாற்றமாட்டார் என்பது. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு, "இனிமே பஸ்ஸுல ஏறமாட்டேன்வே" என்று சொல்லி இறங்கிவிட்டார். அப்புறம் நாலு வருடமாக, சயானில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் நடந்தேதான் போய் வந்தார். கோபம் தணிந்து வெகுநாள் ஆயிற்று, சொல் தணியவில்லை.

முதலில் வந்தவர் அடுத்த வீட்டு ஹமீது. பேக்கரிக்காரர். இரவெல்லாம் அடுப்பில் நின்று ரொட்டி சுட்டுவிட்டு விடியும்போது படுப்பவர். தனசீலனின் தகரக் கூரையில் ஒரு சேவல் இருந்தது. அது ஹமீது கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் கூவும்.

"அண்ணாச்சி, ஒடம்பு எப்படி இருக்கு? எல்லாம் மறந்துபோச்சாமே. அப்ப சேவல் விஷயமும்... சரி விடுங்க, நோயாளிகிட்ட போயி."

"என்ன சேவல்? சொல்லும்வே."

"விழறதுக்கு முந்தின ஞாயிறு காலைல நீங்கதான சொன்னீங்க? 'ஹமீது, இந்தச் சேவலால ஒமக்குத் தூக்கம் இல்ல, புடிச்சுட்டுப் போயிரும்'னு."

"நானா சொன்னேன்?"

"உங்க வாயால."

தனசீலன் கூரையை அண்ணாந்து பார்த்தார். சேவலும் கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தது. "சொன்னேன்னா சொன்னதுதான். புடிச்சுக்கிடும்."

மறுநாள் மத்தியானம் ஹமீது வீட்டிலிருந்து வந்த மணம் சந்து முழுவதும் நின்றது. தனசீலன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவர் அதைத் தொடவில்லை.

இரண்டாவதாக வந்தவர் கடைசி அறைக்காரர் பூதத்தான், மில் தொழிலாளி. அதே ஞாயிறு காலையில், தீபாவளி வரைக்கும் சைக்கிளை வைத்துக்கொள்ளச் சொல்லி மேஸ்திரி வாக்குக் கொடுத்ததாக அவர் சொன்னார். சைக்கிள் போயிற்று.

சந்தே அள்ளும்போது தான் மட்டும் எதற்குச் சும்மா இருக்கவேண்டும் என்று லூசியம்மாளுக்குத் தோன்றியது. இருபது வருடமாக அவள் துவைத்த கைக்குட்டைகளில் மூக்குப்பொடிக் கறை போனதே இல்லை.

"ஞாயித்துக்கெழம காலைல பைபிள் மேல கைய வச்சு, பொடிய விட்டுட்டேன்னு சொன்னிய. அதுவுமா மறந்துட்டு?"

தனசீலன் பொடி மட்டையை ஜன்னல் வழியாக எறிந்தார். பிறகு ஒரு மணி நேரம் தும்மல் வராத மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக வந்தவள் ரோஸி.

ரோஸிக்குப் பதினெட்டு வயது. மெட்ரிக் பரீட்சை எழுதிவிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். ஏப்ரலில் வேதக்கோயில் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கிற இடத்தில் யாரோ இதைப் பற்றிக் கேட்க, தனசீலன் ஐம்பது பேருக்கு முன்னால் முழங்கியிருந்தார்: "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளயளுக்கு நாள் பூரா ஹலோ, ஹலோன்னு சொல்லுத வேலைக்கு எம்பிள்ளய அனுப்பமாட்டேன்!" ஜூன் இருபத்து மூன்றாம் தேதி பரீட்சை முடிவு வந்தது, முதல் வகுப்பு. அடுத்த நாளே பயிற்சிக்கும் கடிதம் வந்தது. ஜூலை பத்தொன்பது திங்கட்கிழமை சேரவேண்டும், தகப்பனார் சம்மதக் கையெழுத்தோடு.

"அப்பா, ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு நீங்க என்ன சொன்னியன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லம்மா."

"போய்ப் படின்னு சொன்னிய. அம்மாவும் கூட நின்னா."

தனசீலன் மனைவியைப் பார்த்தார். லூசியம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே "ஆமா" என்றாள். சேவலைக் கொடுத்தவர், சைக்கிளைக் கொடுத்தவர், பொடியை விட்டவர், இந்த ஒன்றுக்கு மட்டும் யோசித்தார்.

"அந்த டாக்டரு எல்லாத்தையும் விசாரிச்சு எழுதுதாருல்லா? அவரு சனிக்கெழம இங்க வாராரு. நான் சொன்னது நெசம்னு அவரு சொல்லட்டும், கையெழுத்துப் போடுதேன்."

சனிக்கிழமை மத்தியானம் டாக்டர் சந்திரமௌலி சுருளும் பென்சிலுமாகத் தாராவிக்கு வந்தார். நோயாளிக்கு ஞாபகம் திரும்பும்போது சரிபார்க்க வேண்டுமானால், உண்மையில் என்ன நடந்தது என்று அவருக்கு முதலில் தெரியவேண்டும். அக்கம்பக்கத்தாரை ஒவ்வொருவராகக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் அவருடைய குறிப்பேட்டில் விசித்திரமான ஒரு மனிதர் உருவாகியிருந்தார். ஜூன் இருபத்தேழு, ஞாயிறு, காலை பத்து மணிக்குத் தனசீலன் ஹமீதின் வாசலில் நின்று சேவலைத் தானம் செய்துகொண்டிருந்தார். பூதத்தானோடு சைக்கிள் பூட்டின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் பைபிளில் கை வைத்திருந்தார். கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் மகளை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நேராகத் தோல் கிடங்குக்குப் போனார். வாட்ச்மேன் பிரம்மநாயகம் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஞாயித்துக்கெழமையா? நல்லா ஞாபகம் இருக்கு சார். பேய் மழை. கிடங்குக்குள்ள தண்ணி வந்துட்டு. விடியும் முன்னயே ஆள் அனுப்பி மேஸ்திரியக் கூப்பிட்டேன். உப்புத் தோலு பூரா அவருதான் பலகை மேல தூக்கி அடுக்கினாரு. வெளக்கு வைக்கிற நேரம்தான் வீட்டுக்குப் போனாரு."

"நடுவுல எங்கயும் போகலையா? பத்து மணி வாக்கில?"

"எங்க போக? டீகூட நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

டாக்டர் திரும்பி வந்து ரோஸியையும் லூசியம்மாளையும் குழாயடிப் பக்கம் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"அன்னிக்கு அவர் ஆத்துலயே இல்லை. கார்த்தாலேர்ந்து கிடங்குல இருந்திருக்கார். நீங்க ரெண்டு பேரும் சொன்னது பொய்."

லூசியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கிடங்குல தண்ணி வந்தது அன்னைக்குத்தானா? மறந்தே போயிட்டேன் சார்."

"ஏன், உங்களுக்கும் தலையில அடிபட்டுதா?"

ரோஸி மட்டும் கலங்காமல் நின்றாள். "சார், அந்த நாள்ல நடந்தத யாரும் அப்பாட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான?"

"ஆமா. நீங்கதான் கேக்காம..."

"அப்ப, அவரு அன்னைக்குக் கிடங்குல இருந்தாருன்னு நீங்க மட்டும் சொல்லலாமா? ஆராய்ச்சி பாழாப் போயிராதா?"

இந்தப் பெண் டெலிபோனில் உட்கார்ந்தால் பம்பாயில் ஒருவரும் தப்பமுடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"நான் பொய் எழுத மாட்டேன்மா."

"உண்மையவே எழுதுங்க சார். நீங்க எழுதுறது இங்கிலீஷ்தான? அப்பாக்கு அது படிக்க வராது."

உள்ளே தனசீலன் தலைக்கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் சம்மதக் கடிதம், மேலே பேனா. "சொல்லுங்க சார். நான் அந்த வார்த்தைய சொன்னேனா, சொல்லலியா?"

டாக்டர் சுருளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அங்கே சேவல் இல்லாதது அவருக்கும் தெரிந்தது. "மிஸ்டர் தனசீலன், அந்த நாள்களைப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்தையும் பேசப்படாது. அது ஆராய்ச்சி விதி. ஆனா..." தொண்டையைச் செருமினார். "நீங்க சொல்லலைன்னு நான் சொல்லமாட்டேன்."

இது எந்தப் பக்கத்துப் பதில் என்று தனசீலன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். லூசியம்மாள் கொண்டு வந்த காப்பியை டாக்டர் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

ரோஸி திங்கட்கிழமை பயிற்சியில் சேர்ந்தாள். அக்டோபரில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கவும் தொடங்கிவிட்டாள். வீட்டிலும் பேச்சு மாறிப்போயிற்று. தனசீலன் எதற்காவது சத்தம் போட ஆரம்பித்தால், "கொஞ்சம் லைன்ல இருங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தலைவாரப் போய்விடுவாள். அவர் கதவோரம் காத்துக்கொண்டு நிற்பார்.

மாதம் ஒருமுறை தனசீலன் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் சொன்னபடியே வெள்ளம் வடிந்தது. ஆகஸ்டில் ஜூன் பதினைந்து வரை நீலமாயிற்று. செப்டம்பரில் பரீட்சை முடிவு வந்த நாள் நினைவு வந்தது. தபால்காரர் எந்த நிறச் சட்டை போட்டிருந்தார் என்றுகூடச் சொன்னார். நவம்பரில், விழுவதற்கு முந்தின திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் வந்தன. பாலத்துப் படியில் முதல் கால் வைத்ததுவரை வந்துவிட்டது.

சுருளின் நடுவில் ஒரே ஒரு கட்டம்தான் வெள்ளை. ஜூன் இருபத்தேழு.

டாக்டருக்கு அந்தக் கட்டம் உறுத்தியது. மூன்று வருடத்தில் யாருக்கும் இப்படி முன்னும் பின்னும் நிறைந்து, நடுவில் ஒரு நாள் மட்டும், அதுவும் சனி இரவு படுத்ததிலிருந்து திங்கள் காலை பல் தேய்த்தது வரை கத்தரித்த மாதிரி, விட்டுப்போனதில்லை.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே வரலையா?"

"ஒண்ணுமே வரல சார். ஒரே இருட்டு."

டாக்டர் பென்சிலைச் சீவிக்கொண்டே, வேறெதையோ நினைத்துச் சொல்வதுபோல் சொன்னார்: "அன்னிக்குக் கிடங்குல தண்ணி இடுப்பளவு நின்னுதாமே."

"எந்தப் பய சொன்னான்? முழங்காலுக்குக் கீழதான்..."

தனசீலன் நிறுத்தினார். அவர் மெதுவாக எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்ப வந்தது?" என்றார் டாக்டர்.

"செப்டம்பர்லயே வந்துட்டு சார். முழு நாளும். காலைல இருந்து தோல் தூக்கினேன். உச்சிப் பொழுதுக்கு மழை கொஞ்சம் விட்டுது. பிரம்மநாயகம் டீய வாங்கித் தந்துட்டுத் தூங்கிட்டான். நான் அடுக்கி வச்ச ஆட்டுத்தோல் அட்டி மேல உக்காந்திருந்தேன். பிள்ள மூணு நாளா எங்கூடப் பேசல. சரி, சொல்லிப் பாப்போம்னு வாய் விட்டே சொன்னேன். 'ரோஸி, போய்ப் படி மக்கா.' நாலு தடவை சொன்னேன் சார். நல்லாத்தான் வந்துது. வீட்டுக்கு வந்து அவ மொகத்தப் பாத்தேன் பாருங்க, வாய் ஒட்டிக்கிட்டு. அம்பது பேருக்கு முன்னால சொன்னவன், எப்படி மாத்த?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்குச் சொல்ல வராதத எம்பிள்ள நான் சொன்னதாவே சொல்லிட்டா. இப்ப எனக்கு ஞாபகம் வந்துட்டுன்னு வையிங்க, நான் அவட்ட சொல்லலன்னும் ஞாபகம் வரணும்லா? அது வந்தா நான் திரும்ப வேண்டாம்னு சொல்லணும். எதுக்கு சார் வம்பு? ஞாயித்துக்கெழம வராமலே இருக்கட்டும்."

"அப்ப ஹமீது சொன்ன சேவல்?"

தனசீலனின் முகம் சிறுத்தது. "பச்சப் பொய் சார். அது எஞ் சேவலு. போன வாரம்கூட என்னைப் பாத்து, அண்ணாச்சி நல்ல மனசுக்காரருன்னு சொல்லுதான், என்னால ஒண்ணும் கேக்க முடியல. சேவலு பொய்னா சைக்கிளும் பொய், பொடியும் பொய். எல்லாம் அந்த ஒரே நாளுல்லா? ஒண்ண உருவினா அட்டியே சரிஞ்சுரும்." மூக்கைத் தடவிக்கொண்டு, "பொடி போட்டு நாலு மாசம் ஆச்சு சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. அது எதற்காக என்று டாக்டர் கேட்கவில்லை.

தனசீலன் மருந்து வாங்கும் வரிசைக்குப் போனதும், கூட வந்து வெளியே காத்திருந்த லூசியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம வந்துட்டா சார்?"

"நோயாளி எங்கிட்ட சொன்னதை நான் வெளியில சொல்லப்படாதும்மா."

"சொல்ல வேண்டாம். போன மாசமே தூக்கத்துல ஹமீத நல்லா வஞ்சாவ, 'எங்கடா எஞ் சேவலு, நான் எப்படா ஒனக்குத் தந்தேன்'னு. நானும் ரோஸியும் முழிச்சுக் கெடந்து கேட்டோம். அவியளுக்கு ஞாபகம் வந்துட்டுன்னு எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரிய வேண்டாம் சார். சொல்லிராதிய."

அன்று மாலை மாட்டுங்காவுக்கு ரயிலில் திரும்பும்போது சந்திரமௌலி தனக்குள் சிரித்ததைப் பார்த்து எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த ஆண்டு தயாரானது. அதில் நாற்பது நோயாளிகள்தான் இருந்தார்கள். அவருடைய பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, அடிக்குறிப்பில் விரல் வைத்துக் கேட்டார்: "ஒருத்தரை விலக்கிட்டீங்களே, ஏன்? ரொம்ப நீளமான மறதின்னு குதிச்சீங்களே."

"அந்த நாள்களைப் பத்திச் சாட்சிகள் சொன்னது எதுவும் நம்பறாப்ல இல்லை, சார்."

"வீட்டுக்காரங்க சாட்சியமா?"

"வீடு, பக்கத்து வீடு, எல்லாம்தான்."

"நோயாளி?"

"அவரும்தான், சார்."

அதற்குப் பிறகு சந்திரமௌலி தம் முறையை மாற்றிக்கொண்டார். நோயாளி கண் விழிக்கும் முன்பே உறவினர்களைத் தனித்தனி அறையில் வைத்து விசாரித்து, சொன்னதை எழுதி அவர்களிடமே கையெழுத்தும் வாங்கிவிடுவார். இது எதற்கு என்று வார்டில் யாருக்கும் புரியவில்லை.

இனி வரத் தேவையில்லை என்று சொன்ன பிறகும் தனசீலன் மாதம் ஒரு சனிக்கிழமை வந்துகொண்டிருந்தார். வீட்டில் இன்னும் ஞாபகம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவார். கதவைச் சாத்திவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து சொல்வார். அவர் அதை வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். மழைச் சத்தம், நனைந்த உப்பின் வாடை, ஆட்டுத்தோல் அட்டி மேல் உட்கார்ந்து மகளுக்குச் சொன்ன அந்த நாலு வார்த்தை, ஒன்றையும் விடமாட்டார். ஏப்ரல் மாதம் சொன்னபோது தண்ணீர் தொடை வரைக்கும் ஏறியிருந்தது. ஜூனில் நெஞ்சளவு வந்துவிட்டது. டாக்டர் திருத்தவில்லை, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார்.